கொக்கு மார்க் பவுடரில் நான் கண்டுபிடித்த ஜிங்க்

எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் அதைத் திருப்பிப் பார்க்காமல் எனக்கு நிம்மதி வராது. முன்பக்கம் சொல்வதை நான் நம்புவதில்லை. முன்பக்கம் என்பது பெண் பார்க்க வருகிறவர் போட்டுக்கொண்டு வரும் இஸ்திரிச் சட்டை மாதிரி. பின்பக்கத்தில் கடுகைவிடச் சின்ன எழுத்தில், பளபளக்கிற தாளில் வெள்ளை மையால் அச்சடித்து, போதாததற்கு அதன் மேலேயே விலை ஸ்டிக்கரையும் ஒட்டி வைத்திருக்கிறார்களே, உண்மை அங்கேதான் ஒளிந்துகொண்டிருக்கிறது என்பது என் கட்சி. இந்தக் கட்சிக்கு நான்தான் தலைவர், நான்தான் தொண்டர். மற்ற எல்லோரும், குறிப்பாக என் அம்மா, எதிர்க்கட்சி.

என்னுடைய இந்தக் கொள்கைப் பிடிப்பால் என் அக்காவின் கல்யாணம், கிருஷ்ணகிரியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் பவுடர் அலமாரிக்கு முன்னால் நின்றுபோகப் பார்த்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன். (அக்கா கோபித்துக்கொள்ள மாட்டாள். நான் எழுதுவதற்கு முன்பே அவள் இதை ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள்.)

வியாதி எனக்குத் தொற்றிய இடம் ஓசூர் சிப்காட். இன்ஜினியரிங் முடித்து, வண்டிகளுக்கு போல்ட்டு நட்டு செய்கிற ஒரு கம்பெனியில் ட்ரெய்னியாகச் சேர்ந்திருந்தேன். சேர்ந்த புதிதில் எங்களை பிளேட்டிங் செக்ஷனுக்கு அழைத்துப் போனார்கள். போல்ட்டு துருப்பிடிக்காமல் இருக்க அதன் மேல் ஜிங்க் முலாம் பூசுகிற இடம் அது. வரிசையாகத் தொட்டிகள், கிளம்பும் ஆவி, மூக்கைப் பிடுங்குகிற நெடி, ஓரத்தில் நீல நிற பேரல்கள். பேரல்களின் மேல் சிவப்புக் கட்டம் போட்ட படங்கள். ஒன்றில் மண்டை ஓடு. ஒன்றில் யாரோ ஒருவருடைய கை அரித்துப்போகிறது. இன்னொன்றில் மரம் பட்டுப்போய், பக்கத்தில் மீன் மல்லாந்து கிடக்கிறது. சேஃப்டி ஆபீசர் தன் ஹெல்மெட்டைத் தட்டித் தட்டிச் சொன்னார்:

"லேபிள் இல்லாத டப்பாவத் தொடாதீங்க. லேபிள் இருக்கற டப்பாவப் படிக்காமத் தொடாதீங்க. இந்த ரெண்டும் ஞாபகம் இருந்தா கையும் காலும் முழுசா வூட்டுக்குப் போவும்."

எனக்கு இரண்டாவது மட்டும் ஞாபகத்தில் நின்றது. (முதலாவதைப் பற்றிப் பின்னால் பேசுவோம். பேசித்தான் ஆக வேண்டும்.)

அன்று சாயங்காலம் கெலமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குள் நுழைந்து நேராகக் குளியலறைக்குப் போனேன். ஷாம்பு பாட்டிலைத் திருப்பினேன். என் நான்கு வருடப் பாடத்திட்டத்தைவிட நீளமான பட்டியல் அதில் இருந்தது. ஒரு பெயரைக்கூட முழுதாக ஒரு மூச்சில் சொல்ல முடியவில்லை. வாயில் நுழையாத ஒன்றைத் தலையில் தேய்ப்பதா? போனில் ஒரு ஆப் இறக்கினேன். பொருளின் பார்கோடைக் காட்டினால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தீர்ப்பு சொல்லும். எங்கள் வீட்டில் பச்சை வாங்கியது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதிலும் எனக்குச் சந்தேகம் இருந்தது.

"நீ பொறந்ததுலருந்து இதுலதான்டி குளிக்கற. நல்லாத்தான இருக்கற?" என்றாள் அம்மா.

"நல்லா இருக்கேன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது, ஷாம்புவின் மேல் அல்ல.

அப்பாவிடம் போனேன். அப்பா தக்காளியும் குடைமிளகாயும் போடுகிறவர். அவர் அடிக்கிற மருந்து டப்பாவில் ஒரு முக்கோணம் இருக்கும், அதன் நிறத்தைப் பார்த்தால் எவ்வளவு விஷம் என்று தெரியும், சிவப்பு என்றால் பயங்கரம், பச்சை என்றால் பரவாயில்லை என்று வகுப்பெடுத்தேன். அப்பா டப்பாவை வாங்கி, கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இத நாம படிச்சு என்ன பண்றது? புழு இல்ல படிக்கணும்."

இப்படி யாரும் திருந்தாத வீட்டில் நான் ஒருத்தி மட்டும் விழிப்போடு இருந்தேன். அம்மா பாத்திரம் கழுவும் சோப்பை அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்தாள். அக்கா தன் க்ரீமைச் சேலை மடிப்புக்குள் வைத்தாள். நான் கண்டுபிடித்தேன். திருட்டுச் சரக்கைப் பிடித்த போலீஸ் மாதிரி கூடத்தில் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். அக்கா தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். அடம்பிடிக்கிற குழந்தைகளைப் பார்த்துப் பழகியவள். எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய் வேறு இடத்தில் ஒளித்தாள்.

இந்த அக்காவுக்குத்தான் அந்தச் சமயத்தில் வரன் அமைந்தது.

ரேவதி அக்கா லேசில் சரி சொல்கிறவள் இல்லை. வந்த வரனுக்கெல்லாம் "யோசிச்சு சொல்றேன்" என்பாள். அதற்குப் பிறகு யோசித்துக்கொண்டே இருப்பாள். போச்சம்பள்ளிப் பக்கத்திலிருந்து பிரகாஷ் வந்து பார்த்துவிட்டுப் போனபோது மட்டும், அவர்கள் பஸ் ஸ்டாப்பைத் தொடுவதற்குள் "எனக்குச் சரிம்மா" என்றாள். அம்மா பயந்துபோய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அதன் பிறகு அக்கா போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவதும், சிரித்த முகத்தோடு இறங்கி வருவதுமாக வீடே மாறிப்போனது.

மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வேண்டியதையெல்லாம் அப்பா விசாரித்திருந்தார். "கம்பெனி வேலைங்களா? பர்மனென்ட்டா, காண்ட்ராக்டா? ஷிஃப்ட்டு மாறி மாறி வருமா? பஸ்ஸு ஊருக்குள்ள வருதா, மெயின் ரோட்டுலயே எறக்கி வுட்டுர்றானா? கேன்டீன் சாப்பாடு எப்படி?" எல்லாவற்றுக்கும் திருப்தியான பதில் கிடைத்தது. நான் மட்டும் திருப்தி அடையாமல் மாப்பிள்ளையின் போட்டோவைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஸ்டுடியோ முத்திரையைத் தவிர ஒன்றும் இல்லை.

நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் தட்டு எடுத்து வருவார்கள். சேலைத் தட்டு, பூத் தட்டு, பழத் தட்டோடு பவுடர், சோப்பு, சீப்பு, கண்ணாடி எல்லாம் அடுக்கிய ஒரு தட்டும் உண்டு. அவர்களே எதையோ வாங்கி, பெண் முகத்தைச் சுளித்து, அதில் ஒரு மனத்தாங்கல் வருவதற்குப் பதிலாக இப்போது இரண்டு வீட்டாரும் சேர்ந்தே போய் வாங்கிவிடுகிறார்கள். பிரகாஷின் அம்மா போன் செய்து, "பாப்பாவுக்குப் புடிச்சதா அதுவே எடுத்துக்கட்டும்ங்க. ரெண்டு வூட்டுக்கும் நடுவுல கிருஷ்ணகிரிக்கு வந்துருங்க. பிரகாசும் ஷிஃப்ட்டு முடிஞ்சு நேரா அங்க வந்துருவான்" என்றார்.

கிளம்பும்போது அம்மா என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டாள்.

"அங்க வந்து போனைத் தொறக்கக் கூடாது. வாயையும் தொறக்கக் கூடாது."

"போனைத் தொறக்க மாட்டேன்" என்றேன். (வாயைப் பற்றி நான் எந்த வாக்குறுதியும் தரவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.)

கடையில் பிரகாஷின் அம்மா எங்களுக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தார். நல்ல உயரம். சொந்த வயலில் வரப்பு மாறாமல் நடக்கிறவர் மாதிரி கடைக்குள் நடந்தார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பவுடர் அலமாரிக்கு வந்தவர், அங்கே அடுக்கியிருந்த அத்தனை ரகங்களில் ஒன்றைக்கூடப் பார்க்காமல், நேராகக் கையை நீட்டி, கொக்குப் படம் போட்ட டப்பாவை எடுத்தார். (அதன் உண்மையான பெயர் இங்கே வேண்டாம். கொக்கு மார்க் என்றே வைத்துக்கொள்வோம்.) ஒன்றல்ல, மூன்று எடுத்துக் கூடையில் போட்டார்.

"இத வெச்சுக்கம்மா. வாசம் நல்லாருக்கும்."

அக்கா தலையாட்டினாள். எனக்கு உள்ளே மணி அடித்தது. ஒரு மனுஷி பவுடர் வாங்க வந்து, மோந்து பார்க்காமல், விலை பார்க்காமல், பக்கத்து டப்பாவோடு ஒப்பிட்டுப் பார்க்காமல், ஒரே பவுடரை மூன்று எடுக்கிறார் என்றால் என்ன அர்த்தம்? அவருக்கு அது பிடிக்கும் என்று அர்த்தம். ஆனால் அது அவ்வளவு சுலபமாக என் மூளைக்கு எட்டாது. ஏதோ இருக்கிறது, எதையோ மறைக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

கூடையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தேன். கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. அதற்குக் கீழே ஒரு பச்சை இலை. இலைக்குள், 'தீங்கு தரும் ரசாயனங்கள் இல்லை.'

"அத்தை, இதப் பாருங்க" என்றேன். "யாரும் கேக்கவே இல்ல. கேக்காமயே 'இல்ல'ன்னு ஏன் எழுதியிருக்கான்? ஒரு ஆளு நம்ம வூட்டு வாசப்படில வந்து நின்னு, 'நான் எதையும் திருடலைங்க'ன்னு சொன்னா நீங்க உள்ள வுடுவீங்களா?"

"அப்படி இல்ல பாப்பா. நல்ல கம்பெனிதான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு என் சந்தேகத்தை உறுதி செய்தது. அம்மா என் இடுப்பில் கிள்ளினாள். கொள்கைக்காகக் கிள்ளு வாங்குவது எனக்குப் புதிதல்ல. டப்பாவைத் திருப்பினேன்.

"டால்க்... மெக்னீசியம் கார்பனேட்... ஜிங்க் ஸ்டியரேட்..."

ஜிங்க்!

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பிளேட்டிங் செக்ஷனில் மெஷின் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகியதில் என் சாதாரணக் குரலே பக்கத்து ஊருக்குக் கேட்கும். நான் ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன்:

"அய்யோ, ஜிங்க்! இதத்தான் எங்க கம்பெனியில போல்ட்டுக்குப் பூசறோம்! இத மூஞ்சில பூசறதா?"

பவுடர் அலமாரி, சோப்பு அலமாரி, அதற்கப்பால் பருப்பு வரிசை வரைக்கும் தலைகள் திரும்பின.

பக்கத்தில் அதே டப்பாவைக் கூடையில் போட்டிருந்த ஒரு பெண், செத்த எலியைத் தூக்குகிற மாதிரி இரண்டு விரலால் அதை எடுத்து அலமாரியில் வைத்தாள். அவள் லேபிளைப் படிக்கவே இல்லை. என் முகத்தைத்தான் படித்தாள். பின்னாலிருந்து ஒரு கன்னடத்து அம்மா, "ஏனாய்த்தம்மா? சென்னாகில்வா?" என்று, என்ன ஆச்சு, நன்றாக இல்லையா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த கன்னடத்தில் "சென்னாகிதே, ஆத்ரே ஜிங்க்!" என்றேன். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஜிங்க். அவர் அதைத் தன்னோடு வந்தவரிடம் தெலுங்கில் சொன்னார். ஜிங்க் மூன்று மொழியிலும் ஜிங்க்காகவே இருந்ததால் சேதி தடங்கல் இல்லாமல் பரவியது.

"வேர்க்குருக்கு வாங்குனதுங்க, இதுல என்னா இருக்குது பாருங்க" என்று ஒருவர் வந்தார். அவருக்குப் பின்னால் ஒருத்தர், அவருக்குப் பின்னால் இன்னொருத்தர். அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. மாதிரி வரிசை கட்டிவிட்டது. நான் டாக்டர். இவ்வளவு பேர் என் பேச்சைக் கேட்பது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வீட்டில் புழு மட்டும்தான் படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களே. ஒரு விதியைக்கூட நின்ற நிலையிலேயே கண்டுபிடித்தேன். பெயர் 'ஏட்' என்று முடிந்தால் விஷம். கார்பனேட், ஸ்டியரேட், சல்ஃபேட், எல்லாம் ஒரே குடும்பம். இதைக் கேட்ட ஒருவர் யோசனையோடு தன் கூடையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினார்.

"பொட்டாசியம் அயோடேட்டுன்னு போட்டிருக்குதுங்களே?"

"திருப்பி வெச்சிருங்க" என்றேன்.

அது உப்பு.

உப்பும் அலமாரிக்குத் திரும்பியது. ஒரு அம்மா, பேரே இல்லாத வெறும் பாலித்தீன் கவரில் கட்டிய ஏதோ ஒரு பழுப்பு மாவைக் காட்டி, "இதுல ஒண்ணுமே எழுதலியேம்மா, இது நல்லதுதான?" என்று கேட்டார். "தாராளமா எடுத்துக்குங்க" என்றேன். அவர் நிம்மதியாக இரண்டு எடுத்துக்கொண்டார்.

அக்கா என் துப்பட்டாவை இழுத்தாள். "கீர்த்தி, போதும்டி." அவள் முகம் வெளுத்திருந்தது. பிரகாஷின் அம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு எப்போதோ போய்விட்டிருந்தது. கூடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதற்குள் கிடந்த டப்பாக்களையே பார்த்துக்கொண்டு நின்றார். இதையெல்லாம் நான் பார்த்தேன். ஆனால் லேபிளைப் படிக்கிற கண்ணால் முகத்தைப் படிக்கத் தெரியவில்லை.

அப்போது அம்மாவின் குரல், பிழைத்தோம் என்கிற மாதிரி, "மாப்பிள வந்துட்டாரு" என்றது.

திரும்பினேன். பிரகாஷ் கம்பெனி யூனிஃபார்மிலேயே வந்திருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கொஞ்சம் வெட்கத்தோடு அக்காவைப் பார்த்துச் சிரித்தார். நீல நிறச் சட்டை. சட்டையின் பாக்கெட்டில் வெள்ளை நூலில் ஒரு கொக்கு. ஒற்றைக் காலில் நின்றது.

என் கையில் ஒரு கொக்கு. அவர் நெஞ்சில் ஒரு கொக்கு. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் கம்பெனி வேலை என்பார்கள். பர்மனென்ட்டா என்று கேட்போம், பஸ் வருமா என்று கேட்போம், கேன்டீனில் என்றைக்கு சிக்கன் என்றுகூடக் கேட்போம். அந்தக் கம்பெனியில் என்னதான் செய்கிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. அப்பா கேட்கவில்லை. அம்மா கேட்கவில்லை. போட்டோவைத் திருப்பிப் பார்த்த நானும் கேட்கவில்லை. இந்த ஊரில் கடையில் எதை எடுத்துக் குறை சொன்னாலும், அதைச் செய்கிறவர் சொந்தக்காரராக இருப்பார், அல்லது ஆகப்போகிறவராக இருப்பார் என்ற ஞானம் எனக்கு அந்த நிமிஷம் வந்தது. வந்து என்ன செய்ய?

உப்புக்காரர்தான் ஆரம்பித்தார். "தம்பி, இது உங்க கம்பெனிங்களா?"

"ஆமாங்க" என்றார் பிரகாஷ், பெருமையாக. பாவம், அவருக்கு எதுவும் தெரியாது.

"போல்ட்டுக்குப் பூசறத இதுல போடறீங்களாமே?"

"எங்க கம்பெனியில போல்ட்டு செய்யறதில்லீங்களே."

"உள்ள என்னா போடறீங்க, அதச் சொல்லுங்க."

"அது எனக்குத் தெரியாதுங்க. நான் லேபிளிங் செக்ஷன். டப்பாவுல லேபிள் நேரா ஒட்டியிருக்கான்னு பாக்கறதுதான் என் வேல." சொல்லிவிட்டு என் கையிலிருந்த டப்பாவை வாங்கினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு சாய்த்துப் பார்த்தார். "நேராத்தான இருக்குது?"

"செய்யறவங்களுக்கே தெரியலியாம்" என்று கூட்டத்தில் ஒரு குரல். வேர்க்குருக்காரர் தன் டப்பாவைச் சத்தமில்லாமல் ஷாம்புகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்.

இந்த இடத்திலாவது நான் வாயை மூடியிருக்கலாம். பூமி இரண்டாகப் பிளந்தாலும் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எட்டிப் பார்க்கிற ரகம் நான். "'ரசாயனம் இல்ல'ன்னு இதுல நீங்கதான் ஒட்டறீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க."

"நம்பிதான் ஒட்டறீங்களா?"

பிரகாஷ் உண்மையாகவே யோசித்தார். "நம்பிக்கையெல்லாம் தெரியாதுங்க. நேரா ஒட்டறேன்."

அவருடைய அம்மா கூடையைத் தரையில் வைத்தார்.

"எம்புள்ள மொத மாசம் வேலைக்குப் போயிட்டு வந்து என் கையில குடுத்தது இந்த டப்பாதான்" என்றார். என்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை, அந்தக் கூடையிடம் சொன்ன மாதிரி இருந்தது. "சாமிப் படத்துக்கிட்ட வெச்சிருந்தேன். வரப்போற பொண்ணுக்கும் இதையே குடுக்கணும்னு நெனச்சேன். அவ்ளோதான். பிரகாசு, வா போலாம்." பிறகு அம்மாவைப் பார்த்து, "அப்புறமேட்டுக்கு போன் பண்றோம்ங்க" என்றார்.

'அப்புறமேட்டுக்கு போன் பண்றோம்' என்று சொன்ன மாப்பிள்ளை வீட்டார் எவரும் அதற்கப்புறம் போன் செய்ததாக எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. எனக்குக் காது இரண்டும் சுட்டது. கையில் கொஞ்ச நேரத்துக்கு முன் இருந்த டப்பாவைத் தேடினேன், எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. டப்பா பிரகாஷிடம் இருந்தது.

அக்கா அவரிடம் போனாள். டப்பாவைக் கையிலிருந்து வாங்கினாள். மூடியைத் திருகினாள். உள்ளங்கையில் கவிழ்த்தாள். எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கிறவள் மாதிரி நிதானமாக, எல்லோரும் பார்க்க, முகத்தில் பூசிக்கொண்டாள். நெற்றி, இரண்டு கன்னம், மூக்கு, கழுத்து. மனதுக்குள் இருந்த பதற்றத்தில் அரை டப்பா கொட்டிவிட்டது. வெள்ளைப் புகை எழுந்து அடங்கியபோது, திருவிழாக் கூத்தில் வேஷம் கட்டிய மாதிரி வெள்ளைவெளேர் என்று நின்றாள். கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண் பிரகாஷின் அம்மாவைப் பார்த்தது.

"வாசம் நல்லாருக்குதுங்க அத்தை" என்றாள்.

சொல்லிவிட்டுத் தும்மினாள்.

"பாத்தீங்களா, தும்மல்!" என்றார் உப்புக்காரர்.

முதலில் சிரித்தது பிரகாஷ்தான். அவருடைய அம்மா சிரிக்கவில்லை. அக்காவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்து அவள் கன்னத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

"இவ்ளோவாடி அப்புவாங்க? மாவுல விழுந்த மாதிரி? கண்ண மூடு."

என் அம்மா பெருமூச்சு விட்டாள். அதுவரைக்கும் அக்காவை 'அம்மா' என்றும் 'பாப்பா' என்றும்தான் பிரகாஷின் அம்மா கூப்பிட்டுக்கொண்டிருந்தார். 'டி' விழுந்துவிட்டது. இனி எந்த போனும் வரத் தேவையில்லை.

கடை மேனேஜர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "மேடம், ஓப்பன் பண்ணிட்டா பில் போட்டாகணும்."

"மூணையும் போடுங்க" என்றாள் அக்கா, பவுடருக்குள்ளிருந்து.

டப்பாவைச் செத்த எலியைப் போலத் தூக்கி வைத்த அந்தப் பெண் மறுபடி அலமாரிக்குப் போய், தன் டப்பாவை எடுத்துக் கூடையில் போட்டாள். இந்தத் தடவையும் அவள் லேபிளைப் படிக்கவில்லை. அக்காவின் முகத்தைப் படித்தாள்.

கெலமங்கலம் வருகிற வரைக்கும் அம்மா என்னோடு பேசவில்லை. வந்த பிறகு பேசினாள். அதை இங்கே எழுத முடியாது. எனக்கு அவமானம் இருந்ததே தவிர சந்தேகம் போகவில்லை. தினமும் காலையில் அக்கா கண் விழிப்பதற்கு முன்னால் போன் டார்ச்சை அடித்து அவள் முகத்தைப் பரிசோதித்தேன். ஒரு தடிப்பு? ஒரு சிவப்பு? ஒன்றும் இல்லை. முகம் பளிச்சென்று இருந்தது. (அதற்குக் காரணம் பவுடரா, பிரகாஷா என்று எந்த ஆப்பும் சொல்லாது.)

என் முகத்தில் மட்டும் நிச்சயத்தன்று ஜிங்க் படக் கூடாது என்று முடிவு செய்தேன். கம்பெனித் தோழி ஒருத்தி ரகசியமாக ஒரு பூச்சு கொடுத்திருந்தாள். ஜவளகிரிப் பக்கம் யாரோ காட்டுச் செடிகளை அரைத்துச் செய்வதாம். பழைய ஊறுகாய் பாட்டில். முன்பக்கம் பார்த்தேன், ஒன்றும் எழுதவில்லை. பின்பக்கம் திருப்பினேன், அங்கேயும் எழுதவில்லை. 'ஏட்' கிடையாது, 'இல்லை' கிடையாது, கொக்கும் கிடையாது. இப்படி ஒரு நேர்மையான பாட்டிலை நான் பார்த்ததே இல்லை. ஆப்பில் அந்தத் தோழி சொன்ன பெயரைத் தட்டினேன். 'தகவல் இல்லை' என்று வந்தது. குற்றம் இல்லை என்று படித்துக்கொண்டேன்.

நிச்சயத்தன்று காலையில் பூசினேன். முதலில் குளிர்ந்தது. பிறகு கூசியது. பிறகு எரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு வாசலில் வந்து இறங்கியபோது, என் முகம் ராயக்கோட்டைச் சந்தையில் முதல் ரகத்துக்குப் போகிற தக்காளி மாதிரி சிவந்து, வீங்கி, பளபளத்தது. ஹெல்மெட்டைத் தட்டித் தட்டி சேஃப்டி ஆபீசர் சொன்ன முதல் வாக்கியம் அப்போதுதான் முழுசாக வந்து சேர்ந்தது: 'லேபிள் இல்லாத டப்பாவத் தொடாதீங்க.'

அம்மாவால் திட்டவும் முடியவில்லை, விருந்தாளிகள். பிரகாஷின் அம்மா மட்டும் தட்டை இறக்கி வைத்துவிட்டு என் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். முன்பக்கம், பின்பக்கம், காது ஓரம். நான் டப்பாக்களைப் பார்க்கிற அதே மாதிரி.

"பிரகாசு, மெடிக்கலுக்கு ஓடு."

மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு ஓடினார். ரோஸ் கலரில் ஒரு லோஷனோடு வந்தார். கண் இரண்டும் பாதி மூடியிருந்த நிலையிலும் நான் கையை நீட்டி அந்த பாட்டிலை வாங்கித் திருப்பினேன். எழுத்து தெரியவில்லை. அக்காவிடம் கொடுத்தேன்.

அக்கா படித்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுபடி படித்தாள். பிறகு நிச்சயப் பெண் என்பதையும் மறந்து, கூடத்துக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்:

"அடியே, ஜிங்க் ஆக்சைடு!"

கூடம் குலுங்கியது. அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பிரகாஷின் அம்மா பஞ்சில் லோஷனை ஊற்றினார். "கண்ண மூடுடி" என்றார். எனக்கும் 'டி' விழுந்துவிட்டது. "போல்ட்டுக்குப் பூசறதுதான். துருப்புடிக்காது, பயப்படாத."

நிச்சயதார்த்த ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் அக்காவுக்குப் பின்னால் ரோஸ் கலரில் ஒரு உருவம் நிற்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் "இது யாரு?" என்று கேட்பார்கள். அதிலிருந்து கதை தொடங்கும். இப்போதும் எங்கள் வீட்டில் எந்த விசேஷத்துக்குக் கிளம்பினாலும், "கீர்த்திக்கு முலாம் பூசியாச்சா?" என்று அப்பா கேட்காமல் வண்டி நகராது. அக்காவுக்குக் கோபம் வந்தால் பிரகாஷ் மாமா, "அரை டப்பா பூசியும் துருப்பிடிச்சிருச்சே" என்பார். அத்தை வீட்டுச் சமையலறையில் உப்பு ஜாடியின் மேல் 'விஷம்' என்று ஒரு லேபிள் இருக்கிறது. மாமாவின் கைவேலை. மில்லிமீட்டர் பிசகாமல் நேராக ஒட்டியிருக்கிறார்.

இந்தப் பொங்கலுக்கு மாமா எனக்கு ஒரு பெட்டி கொடுத்தார். முன்பக்கம் வெறுமையாக இருந்தது. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருப்பக் கூடாது, திருப்பக் கூடாது என்று நினைத்தேன். திருப்பினேன். பின்பக்கத்தில் கடுகைவிடச் சின்ன எழுத்தில் ஒரு லேபிள்: 'உள்ளே: பட்டுச் சேலை. ஜிங்க் இல்லை.'

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சேலை அழகான சேலை, மாம்பழ மஞ்சள். ஆனால் அது இன்னும் பீரோவில்தான் இருக்கிறது, நான் கட்டவில்லை. நான் கேட்கவே இல்லையே. கேட்காமலேயே 'இல்லை' என்று அவர் ஏன் எழுத வேண்டும்?